விசில் ஊதாத போலீஸ்: இத்தாலியில் வாடகைக் கார் எடுப்பவர்கள் உஷார்!

இத்தாலிக்குப் போகத் திட்டமா? ரோமில் இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே கார் எடுத்துக்கொண்டு ஃப்ளாரன்ஸ், பைசா, வெனிஸ் என்று குடும்பத்தோடு சுற்றிவருவதாக யோசனையா? முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கும் மோதாமல், ஒரு கீறல்கூட விழாமல், சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்று, காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் இது நடக்கிறது. பயணப் படங்களையெல்லாம் ஃபேமிலி குரூப்பில் போட்டு, வந்த லைக்குகளையும் எண்ணி முடித்திருப்பார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் கிரெடிட் கார்டில் 45 யூரோ பிடித்திருக்கும். மறுநாள் இன்னொரு 45. கார் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டால், போக்குவரத்துக் குற்றம் ஒன்றுக்காக உங்கள் பெயரையும் முகவரியையும் போலீசுக்குக் கொடுத்தோம், அதற்கான கட்டணம் இது என்று பதில் வரும். அப்படியானால் அபராதம்? அது தனி. பின்னாலேயே பதிவுத் தபாலில் வந்துகொண்டிருக்கும்.

நம் ஊரில் தப்பான வழியில் புகுந்தால் யாராவது ஒருவர் கத்திவிடுவார். டீக்கடைக்காரர் கை காட்டுவார், போலீஸ்காரர் விசில் ஊதி ஓரங்கட்டச் சொல்வார். அப்புறம் பேச்சு, கெஞ்சல், ரசீது. எதுவானாலும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். சென்னையில் கேமரா சலான் வந்த பிறகும் இந்தப் பழக்கம் நம் ரத்தத்திலிருந்து போகவில்லை. யாரும் நிறுத்தவில்லையா, சரியாகத்தான் போகிறோம் என்று மனசு சொல்லும். இத்தாலியில் அந்த மனசைக் கேட்டால் தொலைந்தோம். அங்கே யாரும் நிறுத்த மாட்டார்கள். தடுப்புக் கட்டை இருக்காது, சங்கிலி இருக்காது. கம்பத்தின் மேல் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் கேமரா. நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும்.

இந்தப் பொறிக்குப் பெயர் இசட்.டி.எல். வாகனப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட வட்டாரம் என்று பொருள். இத்தாலியின் பழைய நகரங்கள் குதிரை வண்டிக் காலத்தில் கட்டப்பட்டவை. கல் பாவிய சந்துகளில் இரண்டு கார் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் ஊரின் பழைய மையப் பகுதிக்குள் அங்கே குடியிருப்பவர்கள், டாக்சிகள், அனுமதி வாங்கியவர்கள் மட்டும் வண்டி ஓட்டலாம் என்று நகராட்சிகள் விதி போட்டிருக்கின்றன. ரோம், ஃப்ளாரன்ஸ், பைசா, சியன்னா, லூக்கா, பொலோனியா, வெரோனா என்று நீங்கள் பார்க்க ஆசைப்படும் ஊர் எல்லாவற்றிலும் இது உண்டு. ஊருக்கு ஊர் நேரம் வேறு. சில இடங்களில் பகலில் மட்டும், சில இடங்களில் இரவிலும், கோடையில் இன்னொரு கணக்கு.

நுழைவாயிலை அடையாளம் காண்பது எப்படி? சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை. அதன் கீழே சின்ன எழுத்தில் இத்தாலியனில் நேர விவரம். பக்கத்தில் ஒரு மின்பலகை. அதில் ‘வார்கோ ஆட்டிவோ’ என்று ஒளிர்ந்தால் உள்ளே போகக் கூடாது. ஆங்கிலத்தில் ‘ஆக்டிவ்’ மாதிரி ஒலிப்பதால், வாசல் திறந்திருக்கிறது போலும் என்று நினைத்துப் பலரும் நுழைந்துவிடுகிறார்கள். கேமரா விழித்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். ‘வார்கோ நோன் ஆட்டிவோ’ என்று இருந்தால்தான் போகலாம். இதையெல்லாம் முன்னால் பஸ், பின்னால் ஹாரன், பக்கத்தில் ஸ்கூட்டர், மடியில் மேப், பின்சீட்டில் பசிக்கிறது என்று அழும் குழந்தை என்ற நிலையில் இரண்டு விநாடியில் படித்து முடிக்க வேண்டும்.

கூகுள் மேப் காப்பாற்றுமா? நம்பாதீர்கள். ஓட்டலின் பெயரைப் போட்டால் குறுக்கு வழி என்று இசட்.டி.எல். நடுவிலேயே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தும். அபராதக் கடிதத்தில் அதன் பெயர் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும்.

இனி பணக் கணக்கு. ஒரு முறை நுழைந்தால் அபராதம் 80 யூரோவுக்குக் கொஞ்சம் மேல். தபால், நோட்டீஸ் செலவு சேர்த்து 100 யூரோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார் கம்பெனியின் கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், 45 என்று வைப்போம். ஃப்ளாரன்ஸில் ஓட்டலைத் தேடி ஒருவழிப் பாதைகளில் மூன்று சுற்று சுற்றுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கேமராவைக் கடக்கிறீர்கள். அது ஒரு தவறு என்று கணக்கில் வராமல், மூன்று தவறு என்றும் ஆகலாம். அப்படி ஆனால் 300 யூரோ அபராதம், 135 யூரோ கம்பெனிக்கு. யூரோவைத் தோராயமாக நூறு ரூபாய் என்று வைத்தாலும் 43,500 ரூபாய். ஒரு மாலை நேரத்துக்கு! அந்தப் பணத்தில் ஒருவர் ஐரோப்பாவுக்கு ஃப்ளைட் ஏறலாம்.

பழைய ஊருக்குள்ளேதான் ஓட்டல் போட்டிருக்கிறீர்கள் என்றால், கிளம்பும் முன்பே அவர்களுக்கு மெயில் எழுதி, காரின் நம்பரை நகராட்சியில் பதிவு செய்து தருவீர்களா என்று கேளுங்கள். பல ஓட்டல்கள் செய்து தரும். கார் கைக்கு வந்ததும் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், பதிவாகிவிட்டது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வரவேற்பறைப் பையன் வாயால் “நோ பிராப்ளம்” என்றால் அது போதாது. அந்த அனுமதியும் பெட்டியை இறக்கவோ கராஜுக்குப் போகவோதான், ஊர் சுற்ற அல்ல. மிலானில் கதை கொஞ்சம் வேறு. அங்கே நகர மையத்துக்கு ‘ஏரியா சி’ என்று பெயர், வார நாட்களில் கட்டணம் கட்டிவிட்டுப் போகலாம். 2023 கடைசியிலிருந்து 7.50 யூரோ. கட்ட மறந்தால் அதுவும் அபராதக் கடிதமாகிவிடும்.

என்னைக் கேட்டால், ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மட்டும் பார்க்கப் போகிறவருக்குக் கார் எதற்கு? ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், இறங்கினால் ஊர் நடுவில் இருப்பீர்கள். வெனிஸில் பியாட்சாலே ரோமா என்ற இடத்தைத் தாண்டிக் கார் என்ற பேச்சுக்கே இடமில்லை, அதன்பின் படகும் காலும்தான். காரை அங்கே நிறுத்திவைக்கத் தினமும் வாடகை அழ வேண்டும். டஸ்கனியின் கிராமங்கள், புலியா, சிசிலி, டோலமைட் மலைகள் இவற்றுக்குக் கார் இருந்தால் சுகம், மறுக்கவில்லை. நகரங்களை ரயிலில் பார்த்து முடித்துவிட்டு, கிராமத்துக்குக் கிளம்பும் அன்று ஏர்போர்ட் கிளையில் போய் எடுங்கள். ஊர் நடுவிலிருக்கும் கிளையில் எடுத்தால் வெளியே வரும்போதே வலைக்குள் மாட்டலாம். சியன்னா, லூக்கா, சான் ஜிமினியானோ போன்ற கோட்டைச் சுவர் ஊர்களில் சுவருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள்.

சரி, கார் எடுத்தே தீருவது என்று முடிவாகிவிட்டது. அடுத்த பொறி கவுன்ட்டரில்.

முதலில் லைசென்ஸ். இந்திய லைசென்ஸ் மட்டும் காட்டி இத்தாலியில் ஓட்ட முடியாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி கூடவே வேண்டும். ஆர்.டி.ஓ.வில் படிவம் 4ஏ, 1,000 ரூபாய் கட்டணம், ஓராண்டு செல்லும். இணையத்தில் டாலர் வாங்கிக்கொண்டு ‘சர்வதேச லைசென்ஸ்’ என்று பளபளப்பான அட்டை அனுப்பும் கடைகள் நிறைய முளைத்திருக்கின்றன. அந்த அட்டை எதற்கும் உதவாது. இந்திய லைசென்ஸின் அசலும் கையில் இருக்க வேண்டும், டிஜிலாக்கரைத் திறந்து காட்டினால் அங்கே யாருக்கும் புரியாது. கவுன்ட்டரில் அனுமதிச் சீட்டைக் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படவும் வேண்டாம். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கேட்பார்.

அடுத்தது கார்டு. நம்மவர்கள் வெளிநாடு போகும்போது ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்புவார்கள். வாடகைக் கார் கவுன்ட்டரில் அது பெரும்பாலும் எடுபடாது. காரை ஓட்டப்போகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். மகன் ஓட்டுவார், அப்பா கார்டு என்றால் கையை விரித்துவிடுவார்கள், கட்டிய முன்பணமும் போகும். டெபாசிட்டாகச் சின்னக் காருக்கே பல நூறு யூரோ கார்டில் முடக்கிவைப்பார்கள், பெரிய காருக்கு ஆயிரத்தைத் தாண்டும். லிமிட் போதுமா, வெளிநாட்டுப் பயன்பாடு வங்கி ஆப்பில் திறந்திருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். 2020 முதல் புதிய கார்டுகளில் அது மூடியேதான் வருகிறது. கவுன்ட்டர் மெஷின் ‘ரூபாயா, யூரோவா?’ என்று கேட்டால் யூரோவை அமுக்குங்கள். ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தில் கொழுத்த லாபம் எடுத்துவிடுவார்கள். இன்னொன்று, வெளிநாட்டுக் கம்பெனி உங்கள் கார்டில் பிறகு பணம் எடுக்கும்போது ஓடிபி வரும் என்று காத்திருக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே சம்மதம். எடுத்த பிறகு எஸ்.எம்.எஸ். வரும், அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. வாடகையோடு சேர்ந்து வரும் காப்பீட்டில் பெரும்பாலும் முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு யூரோ சேதம் நம் தலையில்தான் விழும். அதற்கு மேல் உள்ளதைத்தான் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தலைச்சுமையை இறக்கத்தான் கவுன்ட்டரில் தினமும் இத்தனை யூரோ என்று கூடுதல் காப்பீட்டைத் தள்ளுவார்கள். வெளியே ஒரு கம்பெனியில் மலிவாக வாங்கியிருக்கிறேன் என்று சொல்கிறீர்களா? நல்லதுதான். ஆனால் சேதம் என்றால் முதலில் கார்டிலிருந்து பணம் போகும், பில்லும் கடிதமும் அனுப்பி நீங்கள்தான் திரும்ப வாங்க வேண்டும். டயர், சக்கர விளிம்பு, கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை இவை அடிப்படைக் காப்பீட்டில் பல நேரம் கிடையாது. இத்தாலியக் கல் சந்துகளில் முதலில் உரசுவதே சக்கர விளிம்புதான்.

அதனால் சாவி வாங்கியதும் உடனே கிளப்பாதீர்கள். கார் நிற்கும் இடம் பெரும்பாலும் இருட்டான அடித்தளமாக இருக்கும். போன் டார்ச்சைப் போட்டு, நம்பர் பிளேட்டிலிருந்து ஆரம்பித்து வண்டியைச் சுற்றி ஒரே வீடியோவாக எடுங்கள். நாலு சக்கர விளிம்பையும் குனிந்து எடுங்கள். பம்பரின் கீழ்ப்பகுதி, முன்கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, உள்ளே கிலோமீட்டர், பெட்ரோல் முள். அவர்கள் கொடுத்த தாளில் குறிக்காத கீறல் ஒன்று இருந்தால், மறுபடி லிஃப்ட் ஏறிப்போய்க் குறிக்கச் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருக்கும், மனைவி முறைப்பார், குழந்தை தூங்கிவிடும். பரவாயில்லை, போங்கள்.

வண்டி நகர்ந்துவிட்டது. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நெரிசலில் தப்பு வராது, முன்னால் போகிறவரைப் பின்பற்றிவிடுவோம். ஆபத்து காலி ரோட்டில். காலையில் பண்ணை வீட்டு விடுதியிலிருந்து கிளம்பும்போதும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும் எதிரே ஒரு வண்டிகூட இருக்காது. கை தானாக இடப்பக்கம் திருப்பிவிடும். பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒரே வேலை கொடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் “வலப்பக்கம், வலப்பக்கம்” என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். ரவுண்டானாவில் வலப்பக்கமாக நுழைந்து கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், இடப்புறமிருந்து சுற்றி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். பலகை எதுவும் இல்லாத கிராமத்துச் சந்திப்பில் வலப்புறமிருந்து வருகிறவருக்கு முதல் உரிமை. நம் மாருதியில் இண்டிகேட்டர் வலக்கையில், அங்கே இடக்கையில். முதல் நாள் முழுக்கத் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஆடும், அது சிரிப்புக்குத்தான் ஆகும். வலக்கையால் கியர் போடுவது அப்படியல்ல. மலைச்சாலையில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம், ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று முன்பதிவிலேயே கேளுங்கள். கேட்காவிட்டால் மேனுவல்தான் வரும்.

டோல்கேட்டிலும் ஒரு பழக்கதோஷம் இருக்கிறது. ஃபாஸ்டேக் பழகிய நாம், வரிசை இல்லாமல் வண்டிகள் சர்ரென்று போகும் பாதையைக் கண்டால் உள்ளே விட்டுவிடுவோம். இத்தாலியின் கட்டண நெடுஞ்சாலையான ஆட்டோஸ்ட்ராடாவில் மஞ்சள் நிற ‘டெலிபாஸ்’ பாதை சந்தாதாரர்களுக்கு மட்டும். வெள்ளைப் பலகையில் கையும் காசும் வரைந்திருந்தால் ரொக்கம், நீலத்தில் ‘கார்ட்டே’ என்றால் கார்டு. தெரியாமல் மஞ்சளில் மாட்டிக்கொண்டால் தயவுசெய்து ரிவர்ஸ் எடுக்காதீர்கள். அது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் பெரிய குற்றம். உதவி பட்டனை அமுக்கினால் ஒரு சீட்டு வரும், கட்டை உயரும். சீட்டில் உள்ளதை 15 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடலாம். நுழையும்போது எடுத்த டிக்கெட்டைத் தொலைத்துவிட்டால், அந்தச் சாலையின் ஆகத் தொலைவான வாசலிலிருந்து வந்ததாகக் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். மிலான் மல்பென்சா ஏர்போர்ட்டில் இறங்கிக் கோமோ ஏரிக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நாசூக்கான பொறி ஒன்று உண்டு. வழியில் வரும் ஏ36 சாலையில் டோல்கேட்டே கிடையாது. கேமரா மட்டும். நாமாக நினைவு வைத்து 15 நாளில் கட்ட வேண்டும். கட்டையே இல்லாத சாலைக்குக் கட்டணம் உண்டு என்று யாருக்குத் தோன்றும்?

வேகமும் இப்படித்தான். ஆட்டோஸ்ட்ராடாவில் 130, மழை என்றால் 110. ‘டூட்டர்’ என்ற அமைப்பு இரண்டு கேமராக்களுக்கு இடையில் எவ்வளவு நேரத்தில் வந்தீர்கள் என்று சராசரி பார்க்கும். கேமராவைக் கண்டதும் பிரேக் போடும் சாமர்த்தியம் அங்கே செல்லாது. பொலோனியாவில் 2024 ஜனவரியில் பெரும்பாலான தெருக்களுக்கு 30 என்று வரம்பு போட்டார்கள். கையில் போன் பிடித்து ஓட்டினால், 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டப்படி குறைந்தது 250 யூரோ, லைசென்ஸும் முடக்கப்படலாம். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல சாலைகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ வேண்டும். டீசலுக்கு அங்கே ‘காசோலியோ’ என்று பெயர், கேசோலின் என்று நினைத்துப் பெட்ரோல் காரில் ஊற்றிவிடாதீர்கள். பார்க்கிங்கில் நீலக் கோடு கட்டணம், வெள்ளை பெரும்பாலும் இலவசம், மஞ்சளைத் தொடாதீர்கள்.

அமால்ஃபி கடற்கரைச் சாலையைப் படத்தில் பார்த்து மயங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் கடல், எதிரே டூரிஸ்ட் பஸ், நடுவில் உங்கள் கார். கோடையில் நெரிசலைக் குறைக்க 2022 முதல் ஒற்றைப்படை, இரட்டைப்படை முறை கொண்டுவந்திருக்கிறார்கள். நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து இன்று இந்தக் கார் போகலாம், நாளை அந்தக் கார். வாடகைக் காரில் நம்பர் நம் கையிலா இருக்கிறது? சலெர்னோவிலிருந்து படகு போகிறது, பஸ்ஸும் போகிறது.

இத்தாலி முழுக்கத் தெரிந்த ஒரு மோசடியையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்னால் வந்தவர் விளக்கைப் போட்டு நிறுத்தி, என் கண்ணாடியை உடைத்துவிட்டாய், கையில் 100 யூரோ கொடு, இன்ஷூரன்ஸுக்குப் போக வேண்டாம் என்பார். கண்ணாடி ஏற்கெனவே உடைந்ததுதான். “போலீசைக் கூப்பிடலாம்” என்று சொல்லி 112ஐ அழுத்துங்கள், ஆள் நிற்க மாட்டார். டயர் பஞ்சர் என்று யாராவது கை காட்டினாலும் ஆள் நடமாட்டமுள்ள பங்கில் போய்த்தான் நிறுத்த வேண்டும். இறங்கினால் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குங்கள். பாஸ்போர்ட் இருக்கும் பை சீட்டில் கிடக்க வேண்டாம்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏர்போர்ட் பக்கத்துப் பங்கில் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் திறந்திருக்கும் நேரத்தில் போய், ஆளைப் பார்க்கச் சொல்லி, சேதமில்லை என்று தாளில் எழுதி வாங்குங்கள். விடிகாலை ஃப்ளைட் என்று சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், காலையில் ஆபீஸ் திறக்கும்வரை அந்தக் காருக்கு என்ன ஆனாலும் நீங்கள்தான் பொறுப்பு. வேறு வழியில்லை என்றால் அங்கேயும் ஒரு வீடியோ.

கடிதம் வந்தே விட்டதா? கிழித்துப் போடாதீர்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. அந்தக் கணக்கும் ஓட்டியவர் யார் என்று அடையாளம் தெரிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தை இரண்டு வருடமாவது பத்திரமாக வையுங்கள். கடிதத்தில் உள்ள நம்பர் பிளேட், தேதி, நேரம் ஒப்பந்தத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால், கையில் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. 60 நாள் தாண்டினால் தொகை ஏறும், வசூல் ஏஜென்சிகளிடம் போவதும் உண்டு. கம்பெனி எடுத்த 45 யூரோவைக் காட்டி அபராதம் கட்டியாகிவிட்டது என்று வாதாட முடியாது.

அந்த 5 நாள் சலுகை வேண்டுமென்றால், கார் எடுக்கும்போது கவுன்ட்டரில் முகவரியைக் கதவு எண், பின்கோடு சகிதம் தெளிவாக எழுதுங்கள். கடிதம் அங்கேதான் வரும். இடையில் வீடு மாறினால், பழைய வீட்டுக்காரரிடம் இத்தாலியிலிருந்து தபால் வந்தால் போன் பண்ணச் சொல்லிவையுங்கள்.